பச்சையப்பனின் பஞ்சிங் கார்டு

19 ஆகஸ்ட் 1991, திங்கள்

லீலா காலை பஸ்ஸில் அரக்கோணம் போய்விட்டாள். மகள் மதிவதனிக்கு இரண்டாவது பிரசவம். பார்த்துக்கொள்ள வேண்டிய சம்பந்தியம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். அந்த நேரத்தில் நான் கம்பெனியில் இருந்தேன் என்பதற்குச் சாட்சி உண்டு. இதை முதலிலேயே எழுதி வைப்பது நல்லது. லீலா திரும்ப இரண்டு மாதம் ஆகும்.

பஸ் கிளம்பும்வரை ஜன்னல் வழியாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். பறவையைப் பற்றி ஒரு பத்து, வீட்டைப் பற்றி இரண்டு மூன்று, என்னைப் பற்றி ஒன்றே ஒன்று: "வெறும் வயித்துல டீயா குடிச்சிக்கினு இருக்காதீங்க."

பறவை என்றால் பச்சையப்பன். விற்றவன் லவ் பேர்ட்ஸ் என்று சொல்லித்தான் விற்றான். மூன்று வருஷம் முன்பு பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் லீலா ஜோடியாக வாங்கினாள். பெண் பறவை ஒரே மாதத்தில் கூண்டுக் கதவு திறந்த நேரம் பார்த்துப் பறந்துவிட்டது. லவ் அவ்வளவுதான். மிஞ்சியது இவன். பச்சை உடம்பு, மஞ்சள் தலை, மேலதிகாரிப் பார்வை.

இவன் பேசுவான் என்று லீலா சொல்வாள். மூன்று வருஷத்தில் ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை. "அப்படி இன்னாதான் பேசறான்?" என்று கேட்டால் சிரிப்பாளே தவிரச் சொல்லமாட்டாள். சாமி கனவில் வந்தது மாதிரி ஒரு விஷயம் என்று விட்டுவிட்டேன்.

20 ஆகஸ்ட், செவ்வாய்

இந்த வாரம் நைட் ஷிப்ட். முதலில் அம்பத்தூர், இப்போது மண்ணூருக்கு அந்தப் பக்கம் லாரிக்கு ஸ்பிரிங் பட்டை அடிக்கிற கம்பெனி — ஆக இருபத்து நாலு வருஷமாக நான் டைம் ஆபீஸ் கோதண்டம். ஆட்கள் உள்ளே வரும் நேரம், வெளியே போகும் நேரத்தைக் கார்டில் பஞ்ச் பண்ணும் கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஜன்னல், ஜன்னலுக்குள் நான். லேட்டாக வருகிறவன் எல்லாம் என்னிடம் கதை சொல்லிவிட்டுத்தான் உள்ளே போக முடியும். இன்று ஃபர்னஸ் ஆள் பரசுராமன் சொன்னது: "சார், மாமியா செத்துட்டாங்க." கார்டைப் புரட்டினேன். ஏப்ரலிலும் செத்திருக்கிறார். "அது பெரிய மாமியா சார்" என்றான். அனுமதித்தேன். நல்ல கதைக்கு நான் என்றைக்கும் அடிமை.

காலை ஏழரைக்கு வந்து படுத்தால் பச்சையப்பன் கத்துகிறான். சாதாரணக் கத்தல் இல்லை, கிரைண்டரில் ஆணி விழுந்த மாதிரி. லீலா இருந்தால் கூண்டைத் தூக்கிக்கொண்டு சமையல்கட்டுக்குப் பின்னால் போய்விடுவாள். அங்கே பூனை வரும், எனக்குப் பயம். ஆகவே கூண்டைக் கூடத்திலேயே வைத்து, ஜன்னலைச் சாத்தி, மேலே கனமாக எதையாவது போர்த்தலாம் என்று பரணில் தேடினேன். கிடைத்தது என் பழைய கம்பளி. பக்கத்தில் துணி சுற்றிய பிரஷர் குக்கர். ஐந்து வருஷம் முன்பு கல்யாண நாளுக்கு நான் வாங்கித் தந்தது. குக்கர் சோறு லீலாவுக்கு ருசிக்காதாம். மகள் வீட்டில் அதே குக்கர் சோறு ருசிக்கும். அது வேறு இலாகா.

கம்பளி போட்டதும் கப்சிப். ராத்திரி வேலைக்குப் போகும்போது கம்பளியை எடுத்துவிட்டு டியூப் லைட்டை எரியவிட்டுப் போகிறேன். மே மாதம் குண்டு வெடித்ததிலிருந்து ஊரில் தெருவுக்கு ஒரு போலீஸ் இருந்தாலும், ஆள் இல்லாத வீடு இருட்டாக இருக்கக் கூடாது. பறவைக்கும் துணையாச்சு.

ஒரே நாளில் இவனைப் பழக்கிவிட்டேன். லீலா மூன்று வருஷம் என்னதான் செய்தாள்?

22 ஆகஸ்ட், வியாழன்

வெறும் வயிற்றில் டீ. நாலு.

27 ஆகஸ்ட், செவ்வாய்

செகண்ட் ஷிப்ட். வீடு வந்து சேரப் பன்னிரண்டு. லைட்டைப் போட்டுச் சாப்பிட்டு, பத்திரிகைக்கு அனுப்ப ஒரு துணுக்கு எழுதினேன். பச்சையப்பன் கண்ணைக் கொட்டிக் கொட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். படித்துக் காட்டினேன். முகத்தில் மாற்றமில்லை. ஆசிரியரும் இதே முகத்தோடுதான் திருப்பி அனுப்புவார்.

31 ஆகஸ்ட், சனி

கூண்டின் அடியில் போட்டிருந்த செய்தித்தாளில் பச்சை இறகுகள். பத்து பன்னிரண்டு இருக்கும். பெரிதாக ஒன்று — வால் இறகு, நீலம் ஓடியது. அழகாக இருந்தது, புத்தகத்தில் வைத்துக்கொண்டேன்.

1 செப்டம்பர், ஞாயிறு

பக்கத்து வீட்டு லூர்தம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினேன். லூர்தம்மாள் மறைமலை நகரில் ஒரு கம்பெனி கான்டீனில் வேலை. விடியற்காலை போனால் ராத்திரி ஏழரைக்குத்தான் வருவாள், ஞாயிறு மட்டும் அகப்படுவாள். எட்டுக் கோழி வளர்க்கிறாள். தன் வீட்டில் பேசினால் தெருக்கோடி வரை கேட்கும், எங்கள் வீட்டுப் படி ஏறியதும் குரல் ரகசியமாகிவிடும். என் மேல் அத்தனை மரியாதை.

"இன்னாண்ணே இது, மொட்ட அடிச்சிக்கினு கீறான்?" என்றாள், ரகசியமாக.

"வியாதியா லூர்து?"

"அட, எங்க கோழிங்கோ வருசத்துக்கு ஒரு தபா இப்பிடித்தான் கொட்டும். பயசு போயி புச்சு மொளைக்கும். ரெண்டு மூணு வாரத்துல சரியாப்பூடும். நீ இன்னாத்துக்கு மூஞ்ச இப்பிடி வெச்சிக்கினு கீற?"

என் முகம் எப்போதும் இப்படித்தான் என்றேன்.

8 செப்டம்பர், ஞாயிறு

சரியாகவில்லை. புது இறகு முள் முள்ளாக முளைக்கிறது. முளைத்தது விரிவதற்குள் பக்கத்தில் இன்னொரு கொத்து விழுகிறது. தலை மேல் மட்டும் குத்தூசி செருகிய மாதிரி. கழுத்தில் தோல் தெரிகிறது. ஊஞ்சலில் ஏறுவதில்லை. கீழ்க் கம்பியில் உடம்பை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கத்தலும் நின்றுவிட்டது. கத்தினால் கம்பளியால் மூடியவன் நான். இப்போது எப்போது கத்துவான் என்று காத்திருக்கிறேன்.

லீலாவிடமிருந்து இன்லண்ட் லெட்டர் வந்திருந்தது. மதிக்குக் கால் வீங்கியிருக்கிறதாம், பயமில்லையாம். கடைசி வரி: "பச்சையப்பன் எப்படி இருக்கிறான்? பேசுகிறானா?"

பதில் எழுதினேன்: பச்சையப்பன் சௌக்கியம். ஓயாமல் பேசுகிறான். 'லீலா, லீலா' என்று உன்னைத்தான் தேடுகிறான்.

பிள்ளைத்தாய்ச்சியோடு இருக்கிறவளைக் கலங்கடிக்கக் கூடாது என்பதற்காக எழுதினேன். சரி, அதுமட்டும் இல்லை. பயம்.

12 செப்டம்பர், வியாழன்

நைட் ஷிப்ட் முடித்து, தூங்காமல், கூண்டோடு கால்நடை மருந்தகம் போனேன். எனக்கு முன்னால் ஒன்பது மாடு. பிள்ளைப்பாக்கத்திலிருந்து சினைப் பசுவோடு வந்திருந்த சுப்பன் என்கிறவர் கூண்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், மாடு ரொம்ப சுருங்கிப்போச்சே?"

"தீனி பத்தல" என்றேன். வரிசை முழுக்கச் சிரித்தது. டைம் ஆபீஸ் ஜன்னலில் இருக்கிற மாதிரி கொஞ்சம் தெம்பு வந்தது. பிறகு அவரே தோள் துண்டை எடுத்துக் கூண்டின் வெயில் பக்கம் பிடித்துக்கொண்டார், என் முறை வரும்வரை.

டாக்டர் சின்ன வயசுப் பையன். "சார், எனக்கு மாடு, ஆடு, கோழி. இதெல்லாம் யாரும் கொண்டு வந்ததே இல்ல" என்றார். ஆனால் லென்ஸ் வைத்து இறக்கை அடிவரை பார்த்தார். பேன் இல்லை, சொறி இல்லை. "எறகு கொட்டறது நோய் இல்ல. நிக்காம கொட்டுதே, அதான் கஷ்டம். மொத்த சத்தும் அதுலயே போயிடும். இப்பிடியே போனா தாங்காது. தெனைய மட்டும் போடாதீங்க, வேகவச்ச முட்ட குடுங்க, கொத்தமல்லி குடுங்க, கொறிக்க கடல்நுரை ஒண்ணு கட்டி வைங்க, சுண்ணாம்பு சத்து. அப்புறம்... வேளாவேளைக்கு எல்லாம் நடக்குதா பாருங்க. எதுக்கும் குறிச்சி வைங்க."

தாங்காது என்று சொன்னார். வரும் வழியில் அந்தச் சொல்லைத்தான் தூக்கிக்கொண்டு வந்தேன். கூண்டு கனக்கவே இல்லை.

13 செப்டம்பர், வெள்ளி

குறித்து வைப்பது என் தொழில். கம்பெனியில் அச்சுக் கோணலாகிக் கழித்துப்போட்ட பஞ்சிங் கார்டு ஒன்று எடுத்து வந்தேன்.

பெயர்: பச்சையப்பன். டிபார்ட்மென்ட்: ஊஞ்சல். கம்பளியை எடுப்பது 'உள்ளே', போடுவது 'வெளியே'. லைட் எரிந்தால் அதற்கு ஒரு குறி. பழைய நாட்களையும் என் ஷிப்டை வைத்து நினைவிலிருந்து எழுதிவிட்டேன். கார்டைக் கூண்டுக் கம்பியில் செருகினேன். அவன் ஓரத்தைக் கொறித்தான். முதல் முறையாக ஒரு தொழிலாளி என் கார்டைச் சாப்பிட்டிருக்கிறான்.

நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை வாங்கினேன். தொடவில்லை. முட்டையும் தொடவில்லை.

17 செப்டம்பர், செவ்வாய்

லீலாவின் பதில். நான்கே வரி.

"அவன் என் பெயரைச் சொல்ல மாட்டானே. அந்த வீட்டில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது யார், அவன் கேட்டுக் கற்றுக்கொள்ள? உண்மையில் என்ன பேசினான் என்று எழுதுங்கள்."

இருபத்து நாலு வருஷமாக அவளை 'இந்தா' என்றும் 'தே' என்றும்தான் கூப்பிட்டு வருகிறேன். ஆயிரக்கணக்கான ஆட்களின் பொய்யைக் கார்டைப் பார்த்தே பிடித்தவன். என் பொய்யை அரக்கோணத்தில் உட்கார்ந்து, கார்டே இல்லாமல் பிடித்துவிட்டாள்.

கடிதத்தை வால் இறகு இருந்த புத்தகத்தில் வைத்தேன்.

22 செப்டம்பர், ஞாயிறு

இதைக் கூண்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து இப்படித்தான் வரும்.

மத்தியானம் தண்ணீர் மாற்றப் போனேன். எதற்கோ பயந்து இறக்கையை அடித்துக்கொண்டான், கம்பியில் மோதினான். புதிதாக முளைத்த இறக்கை முள் ஒன்று ஒடிந்துவிட்டது. அதற்குள் ரத்தம் ஓடும் என்று எனக்குத் தெரியாது. சொட்டுச் சொட்டாக. இத்தனூண்டு உடம்பில் எவ்வளவு ரத்தம்தான் இருக்கும்? செய்தித்தாள் முழுக்கச் சிவப்பு. நான் வெளியே ஓடி "லூர்து! லூர்து!" என்று கத்தினேன். சர்ச்சிலிருந்து வந்த புடவையோடு ஓடி வந்தாள்.

"மாவு கீதா வூட்ல? மைதா மாவு?"

"எங்க கீதுன்னு தெரியலியே..."

"உன் வூடுண்ணே இது!"

அவள்தான் கண்டுபிடித்தாள், இரண்டாவது அலமாரி, மூன்றாவது டப்பா. நான் அவனைத் துணியில் பிடித்துக்கொள்ள, அவள் மாவை வைத்து விரலால் அழுத்தினாள். ரெண்டு பேரும் அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தோம். என் உள்ளங்கையில் அவன் நெஞ்சு அடித்துக்கொண்டது, கடிகாரம் இல்லை அது, ரொம்ப வேகம். ஏய், செத்துகித்து வச்சிடாதடா. அவளுக்கு நான் இன்னாடா சொல்லுவேன்.

ரத்தம் நின்றது.

லூர்தம்மாள் கை கழுவிவிட்டு இருட்டாக இருந்த கூடத்தைப் பார்த்தாள். "பகல்ல ஏண்ணே ஜன்னல சாத்தி வெச்சிக்கினு கீற? எங்க கோழிங்கோ பொழுது சாஞ்சா கூடைக்கு வந்துடும், விடிஞ்சா போயிடும். யாரும் சொல்லத் தேவையில்ல. இதுக்கு நீ ராவா பகலான்னே காட்டலியே."

23 செப்டம்பர், திங்கள்

ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து வந்து கார்டை எடுத்துப் பார்த்தேன். சும்மா பார்க்கவில்லை, வேலையில் பார்ப்பது மாதிரி வரிசையாகப் பார்த்தேன்.

ஒரு வாரம் பகல் முழுக்கக் கம்பளி, ராத்திரி முழுக்க டியூப் லைட். அடுத்த வாரம் நடுராத்திரி வரை வெளிச்சம். அதற்கடுத்த வாரம் காலை நாலரைக்கே வெளிச்சம். பிறகு மறுபடி முதலிலிருந்து. ஐந்து வாரத்தில் ஒரே மாதிரி ராத்திரி ஒரு வாரத்துக்கு மேல் இல்லை.

மூன்று ஷிப்டில் போட்டிருக்கிறேன் இவனை. வார லீவு கூடக் கொடுக்கவில்லை. ஒரு ஆள் இப்படி ஒரு கார்டைக் கொண்டுவந்து நீட்டியிருந்தால், இவனுக்கு உடம்பு என்னத்துக்கு ஆகும் என்று நானே மேலே எழுதியிருப்பேன். உடம்புக்குக் காலம் தெரியவில்லை. உதிர்க்கிற காலமா, முளைக்கிற காலமா என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்துச் செய்துகொண்டிருக்கிறது.

லீலா இருந்தவரை பொழுது சாய்ந்தால் பின்கட்டில் மெல்லிய துணி, விடிந்தால் எடுப்பாள். என் ஷிப்ட் அவனைத் தொடாமல் பார்த்துக்கொண்டாள். பத்து அறிவுரையில் அதுவும் ஒன்றாக இருந்திருக்கும். நான் பஸ் கண்டக்டரோடு பேசிக்கொண்டிருந்தேன்.

24 செப்டம்பர், செவ்வாய்

டைம் ஆபீஸ் தலைமை திருமலையிடம் போனேன். தென்காசிப் பக்கத்து ஆள்.

"ஜெனரல் ஷிப்ட் வேணும் சார்."

"என்னவே, நானா மூணு தடவ கூப்பிட்டப்ப மாட்டேன்னீரு? ரெக்கார்டு ரூம்ல யாரும் பேச மாட்டாவ, வாய் துருப்பிடிச்சிரும்னீரு?"

உண்மை. ரெக்கார்டு ரூம் என்பது ஓய்வு பெற்றவர்கள் கார்டைக் கட்டி அடுக்கும் இடம். ஜன்னல் கிடையாது, மாமியார் செத்த கதை கிடையாது. ஒவ்வொரு முறையும் லீலா, "ஜெனரல் ஷிப்ட் குடுக்கறாங்களாமே?" என்று மட்டும் கேட்பாள். நான் ஏதாவது ஜோக் சொல்வேன். அவள் சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

"யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்றார் திருமலை.

பச்சையப்பனின் கார்டை எடுத்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். "ஒரு குருவிக்காகவா? சரி. ஆனா ஒண்ணு, போனா போனதுதாம். ரெண்டு மாசம் கழிச்சி ஜன்னலு வேணும்னு வந்து நிக்கக்கூடாது."

ஒரு நிமிஷம் யோசித்தேன். பொய் — கால் நிமிஷம். கையெழுத்துப் போட்டேன். வரும் திங்களிலிருந்து எட்டரை முதல் ஐந்து. அதுவரை லீவு.

ராத்திரி லீலாவுக்கு எல்லாவற்றையும் எழுதினேன். கம்பளி, டியூப் லைட், ரத்தம், 'லீலா லீலா' பொய், ஜெனரல் ஷிப்ட். ஜோக் எதுவும் வைக்கவில்லை. படித்துப் பார்த்தால் வேறு யாரோ எழுதிய மாதிரி இருந்தது.

26 செப்டம்பர், வியாழன்

கூண்டு பின்கட்டில். பூனை வராமல் நான் காவல். ஆறு மணிக்குத் துணி, ஆறு மணிக்கு வெளிச்சம்.

28 செப்டம்பர், சனி

முட்டையின் மஞ்சள் கருவில் ஒரு மூக்கு அடையாளம்.

1 அக்டோபர், செவ்வாய்

ரெக்கார்டு ரூமில் இரண்டாம் நாள். பேசியவர்கள்: யாருமில்லை. தும்மியது: நான், பதினேழு தடவை.

வீட்டில் லீலாவின் கடிதம். "செத்துப்போனாலும் எழுதுங்கள். பொய் எழுதாதீர்கள். தலையில் இருக்கும் முள்ளை அவனால் கோத முடியாது. ஜோடி இருந்தால் அது கோதிவிடும். ஈர விரலால் மெதுவாகத் தேய்த்துவிடுங்கள், உறை உதிரும்." ஜெனரல் ஷிப்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடிதத்தை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தேன்.

3 அக்டோபர், வியாழன்

தந்தி. பெண் குழந்தை. தாயும் சேயும் நலம்.

பச்சையப்பனிடம் சொன்னேன். தலையைக் குனிந்து காட்டினான். ஈர விரலால் தேய்த்தேன். தவிடு மாதிரி உறை உதிர்ந்து உள்ளேயிருந்து மஞ்சள் விரிந்தது. கண்ணை மூடிக்கொண்டான். எனக்கு ஒரு கடியும் கிடைத்தது, அது வேறு விரலில்.

8 அக்டோபர், செவ்வாய்

செய்தித்தாளில் இன்று ஒரே ஒரு இறகு. நேற்றும் ஒன்றுதான்.

11 அக்டோபர், வெள்ளி

ஊஞ்சலில் ஏறிவிட்டான்! டிபார்ட்மென்டுக்குத் திரும்பிவிட்டான் என்று கார்டில் எழுதினேன்.

13 அக்டோபர், ஞாயிறு

சாப்பிட்டுவிட்டு, பூனைக் காவலோடு காவலாகப் பின்கட்டுப் பக்கம் பாயைப் போட்டுப் படுத்தேன். தூங்கவில்லை, கண்ணை மட்டும் மூடியிருந்தேன். வாசலில் லூர்தம்மாள், "அண்ணே, பச்சையப்பன் எப்டி கீறான்?" என்று தெருக்கோடிக் குரலில் கேட்டுக்கொண்டே வந்தாள்.

தலைமாட்டில் லீலா சொன்னாள்:

"உஸ்ஸ்... அவரு தூங்கறாரு."

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். லீலா இல்லை. ஊஞ்சலில் பச்சையப்பன். அவள் குரல்தான், கொஞ்சம் தகரத்தில் போட்டு எடுத்த மாதிரி.

லூர்தம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "பேசிட்டான்! உனக்குத் தெரியாதா? வந்ததுலேர்ந்து இத ஒண்ணத்தான் சொல்றான். நீ படுத்துக்கினு கீறப்ப யாராவது உள்ள வந்தா போதும். அக்கா சொல்றத புடிச்சிக்கினான்."

"யார்கிட்ட சொல்லுவா?"

"யார்கிட்டயா? என்கிட்ட. பால்காரங்கிட்ட. தெருவுல பந்து ஆடற பசங்ககிட்ட. உன் வூட்ல நான் எதுக்கு குசுகுசுன்னு பேசறேன்னு நெனச்ச?"

மரியாதை என்று நினைத்தேன் என்று அவளிடம் சொல்லவில்லை.

அவள் போன பிறகு பரணைப் பார்த்தேன். துணி சுற்றிய குக்கர். ருசிக்காதாம்.

இப்போதுதான் புரிகிறது, நான் ஏன் இவன் பேச்சைக் கேட்டதில்லை என்று. நான் தூங்கும்போது மட்டும் பேசுகிற பறவை.

லீலாவுக்கு எழுதினேன்: பச்சையப்பன் பேசினான். இந்தத் தடவை உண்மை. என்ன சொன்னான் என்று எழுதவில்லை, உனக்கே தெரியும்.

20 அக்டோபர், ஞாயிறு

பச்சையப்பனுக்குப் பாடம் எடுக்கிறேன். லீ-லா. லீ-லா. இன்னும் வரவில்லை. எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, அவனைக் குறை சொல்லி என்ன?

26 அக்டோபர், சனி

லீலா வந்துவிட்டாள். பையைக்கூட வைக்காமல் நேராகக் கூண்டுக்குப் போனாள். இறக்கையைத் தூக்கிப் பார்த்தாள், வாலைப் பார்த்தாள், ஒடிந்த இடத்தில் புதிதாக வந்த இறகைப் பார்த்தாள். பிறகு கம்பியில் செருகியிருந்த கார்டை எடுத்துப் படித்தாள், இரண்டு பக்கமும். திரும்ப அதே இடத்தில் செருகினாள்.

"எளச்சிட்டீங்க" என்றாள். என்னைத்தான்.

"லீலா, டீ போடட்டா?" என்றேன்.

திரும்பிப் பார்த்தாள். யாரைக் கூப்பிடுகிறேன் என்று தேடினாளோ என்னவோ.

28 அக்டோபர், திங்கள்

காலை ஏழு மணி. வாசலில் ஷூ போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே உஸ்ஸென்று இரைச்சல் கிளம்பி, வீடே அதிர ஒரு விசில். ஓடிப் பார்த்தால், அடுப்பில் குக்கர். லீலா பக்கத்தில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள், அணைக்கவில்லை. இரண்டாவது விசில்.

மூன்றாவது விசிலுக்குப் பச்சையப்பன் ஊஞ்சலில் நிமிர்ந்து நின்று குக்கரைக் கண்டித்தான்:

"உஸ்ஸ்... அவரு தூங்கறாரு."

லீலா ஒரு காலில் ஷூவோடு நின்ற என்னைப் பார்த்தாள். "இல்லடா, எழுந்துட்டாரு" என்றாள் அவனிடம்.